அடுத்த அப்பாய்ன்மெண்ட் வரை

(சிரம்பான் வட்டாரத்துத் தோட்டப்புற ஆலய மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலயச் செயலவையினர் சிகிச்சையாளரான என்னை அழைத்தபோது, "மனசு சரியில்லன்னா எங்க போறது, யாரப் பாக்கறதுன்னு சொல்லுங்க, போதும்" என்றார்கள். அதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பக்கத்தில் இருக்கும் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். கட்டணம் ஒரு வெள்ளி. மனச்சோர்வும் பதற்றமும் எவ்வளவு என்று பார்க்க அங்கே கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். தேவை என்று பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ, கோலப்பிலா பக்கம் என்றால் துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பார்கள். நேரில் போக முடியாதவர்கள் 15555 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். சுகாதார அமைச்சு 2022 அக்டோபரில் தொடங்கிய ஹீல் தொலைபேசிச் சேவை அது. இதோடு செயலவை கேட்டது முடிந்தது.

நான் பேச வந்தது அதற்கு அடுத்த கட்டத்தை. கிளினிக்குக்குப் போகிறோம். உளவியலாளரோ ஆலோசகரோ முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறார், பேசுகிறார். கையில் ஒரு தாளைக் கொடுத்து, "இதை வீட்டில் செய்து பாருங்கள்" என்கிறார். அடுத்த அப்பாய்ன்மெண்ட் சில வாரம் கழித்து. கூட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில் மாதங்கூட ஆகும். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. உளவியல் சிகிச்சை பலிப்பதும் பலிக்காமல் போவதும் இந்த இடைப்பட்ட நாட்களில்தான் என்பது என் கணிப்பு. இதை நம் சமூகத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நாட்டின் நிலையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தேசியச் சுகாதார ஆய்வில் 2019இல் பெரியவர்களிடையே மனச்சோர்வு 2.3 விழுக்காடு. 2023இல் அது 4.6. நான்கே ஆண்டில் இரட்டிப்பு. இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கும்.

தாள் ஏன் சாமி படத்துக்குப் பின்னால் போகிறது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் டிரசர். காய்ச்சல் என்று போனால் ஊசி போடுவார், கலர் தண்ணி மருந்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பார், வேலைக்குப் போகலாமா சிக்கு லீவா என்று முடிவு செய்வார். நோயாளி செய்ய வேண்டியது வாயைத் திறப்பது மட்டும். மூன்று தலைமுறையாக மருத்துவம் என்றால் அப்படித்தான் பழகியிருக்கிறோம். இப்போது ஒருவர் மருந்துப் புட்டிக்குப் பதிலாகத் தாளைக் கொடுத்து, "நீங்கதான் செய்யணும்" என்றால், ஏமாற்றிவிட்டதாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. "ஒரு மாத்திரகூட கொடுக்கல, பாடம் கொடுத்து அனுப்பிட்டாங்க" என்று என்னிடமே முறையிட்டவர்கள் உண்டு.

அந்தப் 'பாடம்' வந்த கதை இது. பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் இருந்தார். 1921இல் பிறந்தவர், நூறு வயது வாழ்ந்து 2021இல் மறைந்தார். மனச்சோர்வு வந்தவர்களின் மனத்தில், அவர்கள் கூப்பிடாமலே சில எண்ணங்கள் ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். அவற்றைப் பிடித்துச் சோதித்துப் பார்க்கப் பழக்கினால் சோர்வு இறங்குகிறது என்றும் கண்டார். 1979இல் தன் சகாக்கள் மூவரோடு சேர்ந்து வெளியிட்ட நூலில், வீட்டில் செய்யும் பயிற்சியைச் சிகிச்சையின் உறுப்பாகவே வைத்தார். சந்திப்பு நேரத்தில் கற்றுக்கொள்வது. மிச்ச நாளில் பழகுவது. 2000இல் காஸன்ட்ஸிஸ், டீன், ரோனன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீட்டுப் பயிற்சி சேர்ந்த சிகிச்சை கூடுதல் பலன் தந்தது. பயிற்சியைச் செய்தவர்கள் செய்யாதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

வெளியூர்க் கதை போதும், நம் பக்கம் வருவோம். ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பல பேரிடம் கேட்டதைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். இது யார் என்று யாரும் தேட வேண்டாம். பதினாறு வயதில் பால்மரம் வெட்டத் தொடங்கியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சோறு கட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடியவர். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிக்காட்டு வேலைக்குப் போனார். பிறகு தோட்டமே வீடமைப்புத் திட்டத்துக்குப் போயிற்று. லயத்தை இடித்து, குடும்பத்துக்கு ஒரு மலிவு விலை பிளாட் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரு மகனின் குடும்பம் கூட இருக்கிறது; மற்றப் பிள்ளைகள் கோலாலம்பூரில். அந்த அம்மாவுக்கு இன்றும் நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது? போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு ஏழு மணிவரை யோசிக்கிறார். "அந்த மூணு மணி நேரந்தான் என்னக் கொல்லுது" என்றார்.

அவருக்குக் கிடைத்த தாளில் மூன்று விஷயம் இருந்தது: தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி, பிடித்த பொழுதுபோக்கு ஒன்று, நண்பர்களோடு நேரம் செலவழித்தல். அதுவும் மலாயில். தாளில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் நிரை பிடித்து நடந்தவரிடம் உடற்பயிற்சி என்றால் சிரிப்பு வருகிறது. பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்ததே இல்லை. நண்பர்கள் என்றால் பக்கத்து லயத்துக்காரர்கள். அவர்கள் இப்போது லாபுவில் ஒருவர், போர்ட்டிக்சனில் ஒருவர்.

அவரும் நானும் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய நாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான்கு மணி விழிப்பை மாற்ற முடியாது, சரி. விழித்த பிறகு கட்டிலில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் முதல் விதி. எழுந்து விளக்கைப் போட வேண்டும். முகம் கழுவி, வரக்காப்பி கலந்து, நடைபாதையில் பெயிண்ட் வாளியில் வைத்திருக்கும் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏழரைக்கு எதிர்வீட்டு அக்காவோடு காலைச் சந்தைவரை நடை. வாங்குவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும். "மனசு நல்லா இருந்தா போறேன்" என்றார். அதற்குத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முறையில் மனசுக்காகக் காத்திருப்பது இல்லை. கால் முதலில் போகட்டும், மனசு மெதுவாக வந்து சேரட்டும்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. சோர்வு வந்தால் செயல் குறைகிறது. செயல் குறைந்தால் சந்தோஷம் தரும் எதுவும் நடப்பதில்லை. அதனால் சோர்வு கூடுகிறது. இந்தச் சுற்றைச் செயல் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும் என்று 1970களிலேயே பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் சொன்னார். 1996இல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சனின் குழு ஒரு சோதனை செய்தது. பெக்கின் முழுச் சிகிச்சையையும், அதில் உள்ள செயல் பகுதியை மட்டும் தனியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு இதையே எளிமையாக்கி, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டுச் சந்திப்பில் நடத்திக் காட்டியது. அதன் முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது எட்டியது.

நேரப்படி நடக்கச் சொல்வதால், பெரட்டு நல்லது என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இருட்டில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, ஐந்து நிமிடம் தாமதமானால் ஒரு நாள் சம்பளத்தை வெட்டிய ஏற்பாடு அது. ஆனால் அது ஒரு நாளைக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது. தோட்டம் மூடியபோது வேலை போயிற்று, வீடு போயிற்று என்று கணக்கெடுத்தார்கள். பொழுதின் சட்டம் உடைந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்த மாநிலத்தில் தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த முதியவர்களின் சோர்வில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

செய்ததைக் குறித்து வைக்கச் சொல்வார்கள். அங்கே அடுத்த தடை. சின்ன வீடு, ஐந்து பேர், பூட்டு இல்லாத அலமாரி. நோட்டில் எழுதினால் மருமகள் படிப்பாள், பேரன் சத்தம் போட்டு வாசிப்பான். இந்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் அடுப்படியில் தொங்குகிறது. ராகு காலமும் கேஸ் தோம்பு வாங்கிய தேதியும் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. எழுந்து தண்ணீர் ஊற்றிய நாளுக்குத் தேதிக்குக் கீழே ஒரு புள்ளி. நடந்த நாளுக்கு இன்னொரு புள்ளி. மனம் மிகவும் கனத்த நாளுக்குக் குறுக்கே ஒரு கோடு. வீட்டில் உள்ளவர்கள் பால் கணக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த முறை வரும்போது மாதத்தாளைக் கிழித்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். மார்ஷா லினஹான் என்ற உளவியலாளர் 1993இல் எழுதிய நூலில் நாள்குறிப்பு அட்டை ஒன்று இருக்கிறது. உணர்வு எவ்வளவு, எந்தத் திறனைப் பயன்படுத்தினோம் என்று தினமும் குறிக்கும் கட்டங்கள். அதற்கும் இந்தக் காலண்டர் தாளுக்கும் வேலை ஒன்றுதான். கோடு விழுந்த நாட்களைப் பார்த்தோம். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூர் மகன் போன் செய்யும் நாள். செய்ய மறக்கும் நாள்.

அங்கிருந்துதான் எண்ணங்களைப் பிடிக்கும் பயிற்சிக்குப் போனோம். மகன் போனை எடுக்கவில்லை என்பது நடந்தது. "என்னப் பாரமா நெனக்கிறான்" என்பது மனம் சொன்னது. இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிச்சம் பாதி, வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று கேட்பது: சிப்டு மாறியிருக்கலாம், தூங்கியிருக்கலாம். புத்தகத்தில் இதற்குக் கட்டம் போட்ட தாள் உண்டு. அந்த அம்மாவுக்கு எழுத வராது. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே குரல் பதிவு அனுப்பும் வழியைப் பேத்தி காட்டிக் கொடுத்தாள். மதியம் பேசிவைத்ததைச் சாயந்திரம் போட்டுக் கேட்டார். "நான் பேசறதுதான், ஆனா வேற யாரோ என்னத் திட்டற மாரி இருந்துச்சு" என்றார். எந்தத் தாளும் அதை அவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "படபடன்னு வந்தப்ப செஞ்சு பாத்தேன், ஒண்ணும் ஆகல" என்பார்கள். படபடப்பு வந்த நேரத்தில் முதன்முதலாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. புதிதாகப் பால் வெட்டப் பழகுகிறவரிடம் நல்ல மரத்தைக் கொடுக்க மாட்டார்கள். கழிக்கப்போகும் கிழட்டு மரத்தில் பழக விடுவார்கள். கை படிந்த பிறகுதான் நிரை. மூச்சும் அப்படித்தான். ஒன்றும் இல்லாத நேரத்தில், லோரிக்குக் காத்திருக்கும்போது, பேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது பழக வேண்டும். நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும்; மார்பு தூக்காமல் வயிறு எழும்பட்டும். ஐந்து நிமிடம் போதும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போன பிறகு, பதற்றம் வரும்போது உடம்பே வழியைத் தேடிக்கொள்ளும்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநலப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அங்கு பணியாற்றியவர். ஊருக்கு ஒரு மருத்துவர்கூட இல்லாத நிலையில், குண்டுவீச்சுக்குத் தப்பி வந்தவர்களுக்கு எதைக் கற்றுக் கொடுப்பது என்ற கேள்வி அவருக்கு வந்தது. மேல்நாட்டு ஓய்வுப் பயிற்சிகளை அப்படியே கொடுப்பதைவிட, அவரவர் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொண்டார். சைவர்களுக்கு ஓங்கார செபமும் சாந்தி ஆசனமும், கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு தானாக நிதானப்படுகிறது; மனம் ஓடினால் திரும்பிவர ஓர் இடம் இருக்கிறது. அதைவிட முக்கியம், அடுத்த வாரமும் அவர் அதைச் செய்வார். பழகிய ஒன்றைச் செய்வதற்கு வெட்கமும் இல்லை, விளக்கமும் தேவையில்லை. மருத்துவரைத் திரும்பப் பார்க்க முடியுமா என்றே தெரியாத ஊரில், நோயாளி கையோடு கொண்டுபோகக்கூடிய பயிற்சிதான் பயிற்சி.

நம் ஆட்களுக்கும் அப்படிப் பழகிய பயிற்சி உண்டு. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவரைப் பாருங்கள். கவுச்சி இல்லை, தரையில் பாய், காலையிலும் மாலையிலும் குளியல். மனசு வந்தாலும் வராவிட்டாலும் நாள் தவறாமல் நடக்கிறது. ஒரு நாள் தவறினால் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடாமல், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் தொடர்கிறார். வீட்டில் உள்ளவர்களும் அவருக்காகச் சமையலை மாற்றிக்கொள்கிறார்கள். சிகிச்சைப் பயிற்சிக்கு என்னவெல்லாம் வேண்டுமோ, அத்தனையும் இதில் இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. விரதம் இருந்தால் நோய் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு நேர்த்திக்கடன் வைக்கச் சொல்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டையே உண்டு.

பயத்துக்கு வருவோம். பின்வரிசையில் மோட்டார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் தம்பிகளுக்கு இது. ஒரு பையன் மோட்டாரில் விழுந்து எழுந்தவன். காயம் ஆறிவிட்டது. ஆனால் சாலையில் லோரிச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, கை நடுங்குகிறது. மோட்டாரை விட்டான். அப்புறம் பஸ்ஸையும் விட்டான். அண்ணன் காடியில் ஏற்றிக்கொண்டு போய் வேலைக்கு விடுகிறார், திரும்பக் கூட்டி வருகிறார். பாசம்தான். ஆனால் ஒவ்வொரு முறை ஏற்றிக்கொண்டு போகும்போதும், தனியாகப் போக முடியாது என்பதைத் தம்பியின் உடம்பு இன்னொரு தடவை கற்றுக்கொள்கிறது. தப்பித்த உடனே பயம் இறங்குவதால், தப்பித்ததுதான் காப்பாற்றியது என்று மனம் கணக்குப் போடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958இல் வெளியிட்ட நூலில், பயத்தைப் படிக்கட்டாக அடுக்கி ஒவ்வொரு படியாக ஏறும் முறையை விவரித்தார். இந்தப் பையனின் படிக்கட்டு ரந்தாவில் தொடங்கியது. முதல் படி, சாலையோரப் பஸ் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நிற்பது; ஏற வேண்டாம். இரண்டாவது, ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்குவது. மூன்றாவது, சிரம்பான் வரை, பக்கத்தில் அண்ணன். நான்காவது, அண்ணன் பின் இருக்கையில். ஐந்தாவது, தனியாக. கடைசியில்தான் மோட்டார், அதுவும் முதலில் தோட்டத்துச் செம்மண் பாதையில். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், உச்சிக்குப் போகும், ஓடாமல் இருந்தால் இறங்கும். அது இறங்குவதைப் பார்க்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒரு படியைச் செய்து செய்து அலுத்துப்போன பிறகு அடுத்த படி. ஐந்து படியையும் ஒரே நாளில் ஏறிக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில் இறங்கி ஓடிவிடுவார்கள்.

குடிப்பழக்கத்தைப் பற்றித் தனிக் கூட்டமே வைக்க வேண்டும். கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்திய வரலாறு இருக்கிறது. அதற்குப் பின் சம்சு வந்து செய்த நாசமும் இருக்கிறது. இன்று ஒரு பயிற்சியை மட்டும் சொல்லிப் போகிறேன். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னது: ஆசை ஓர் அலை. ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கும். அதோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், பணியவும் வேண்டாம். உடம்பில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா, கையிலா என்று பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டும். அதைச் சாதாரண நாளில் பழகினால்தான் சம்பள நாளில் கைகொடுக்கும். அதோடு சம்பள நாளுக்கென்று தனித் திட்டம் வேண்டும். எந்த வழியாக வீட்டுக்கு வருவது, பேங்க் கார்டு அன்று யாரிடம் இருக்கும், ஆறு மணிக்கு யாரோடு இருப்பது. இதைக் கணவனும் மனைவியும் சண்டை இல்லாத நாளில் உட்கார்ந்து பேசி வைக்க வேண்டும். கார்டைப் பிடுங்கி வைப்பது திட்டமாகாது. அடுத்த சண்டைக்கு அச்சாரம்.

குடும்பத்தாருக்கு இரண்டு வார்த்தை. "என்ன, டாக்டர் கொடுத்த பாடம் முடிஞ்சிச்சா?" என்ற கேலி ஒரு மாத முயற்சியை ஒரு நொடியில் அழித்துவிடும். அளவு மீறிய உதவியும் கெடுதல்தான். அண்ணன் காடியைச் சொன்னேனே. என்ன செய்யலாம் என்று கேட்டால், அவரிடமே கேளுங்கள்: "இந்த வாரம் நான் எதச் செய்யணும், எதச் செய்யக் கூடாது?" முடிந்தால் ஒரு முறை அப்பாய்ன்மெண்ட்டுக்குக் கூடவே போய், கடைசிப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள்.

சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பயிற்சியைச் செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு மரியாதை அதிகம். டாக்டர் மனம் நோகக் கூடாது என்று, "செஞ்சேன் டாக்டர், நல்லா இருக்கு டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். அவரும் நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பயிற்சி நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது அந்த ஆளின் நாளுக்குப் பொருந்தவில்லை. எங்கே முட்டியது என்று சொன்னால் மாற்றித் தர முடியும். மறந்துபோனதா? நேரம் இல்லையா? வீட்டில் பார்ப்பார்கள் என்ற கூச்சமா? தாளில் எழுதியிருந்தது புரியவில்லையா? செய்தபோது இன்னும் மோசமாக இருந்ததா? ஐந்துக்கும் ஐந்து வேறு வழி இருக்கிறது. மலாயில் எழுத வரவில்லை என்றால் தமிழில் எழுதுகிறேன் என்று கேளுங்கள். பேசிப் பதிவு செய்கிறேன் என்று கேளுங்கள். தருவார்கள். கிளம்பும் முன், "இத எப்ப, எங்க, எது முடிஞ்ச ஒடனே செய்யணும்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "முடிஞ்சப்போ செய்யுங்க" என்ற பதிலோடு வெளியே வராதீர்கள். முடிகிற நேரம் தோட்டத்திலும் வந்ததில்லை, பேக்டரியிலும் வருவதில்லை. எங்கள் துறையினருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. போன முறை கொடுத்த பயிற்சி என்ன ஆயிற்று என்று முதல் ஐந்து நிமிடத்தில் கேட்காத சிகிச்சையாளர், அது முக்கியமில்லை என்று கற்றுக்கொடுத்துவிடுகிறார்.

எது பயிற்சிக்கு அடங்காது என்பதையும் சொல்ல வேண்டும். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அவருக்கு மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தவர் அடுத்த அப்பாய்ன்மெண்ட்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், போகும்வரை தனியே விடாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று முன்பு பயந்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அந்தப் பயம் தேவையில்லை.

வீட்டைப் பாதுகாப்பாக வைப்பதும் இடைநாட்களின் வேலைதான். பாராகுவாட் களைக்கொல்லி இந்த நாட்டில் 2020 தொடக்கத்திலிருந்து தடை. அதை முதுகில் சுமந்து தெளித்த பெண்களின் உடல்நலத்துக்காகப் பல ஆண்டுகள் போராடிய தெனகனித்தா அமைப்பை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பழைய புட்டிகளும் வேறு மருந்துகளும் சில வீட்டுக் கொட்டகைகளில் இன்னும் இருக்கின்றன. சென்னையில் சிநேகா அமைப்பை 1986இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தவர். கைக்கு எட்டும் தூரம் கொஞ்சம் கூடினாலே, கொந்தளிப்பான அந்த நேரம் கடந்துபோக வாய்ப்புக் கிடைக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் கொட்டகையை ஒரு முறை பாருங்கள்.

கடைசியாகச் செயலவைக்கு ஒரு வேண்டுகோள். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஒரு காரியம் செய்தார். அவருக்குக் கொடுக்க மருத்துவரும் இல்லை, அறையும் இல்லை. சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சைப் போட்டார். உள்ளூர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார். வருகிறவர் தன் பிரச்சினைகளைச் சொல்வார். பாட்டி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். இந்த வாரம் அதற்கு என்ன செய்து பார்க்கலாம் என்று இருவரும் பேசி முடிவெடுப்பார்கள். அடுத்த முறை வந்ததும் முதல் கேள்வி, "செய்தாயா, என்ன ஆயிற்று?" ஆறு சந்திப்பு. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடப் பாட்டிமாரிடம் வந்தவர்களின் மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது.

இங்கே அதை அப்படியே செய்யச் சொல்லவில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் ஆலோசனை சொல்ல உட்காரக் கூடாது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் அடுக்கும் அறை இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்கு முன் ஒரு மணி நேரம் அதைத் திறந்து விடுங்கள். கிளினிக்கில் பயிற்சித் தாள் வாங்கி வந்தவர்கள், வீட்டில் இடம் இல்லாதவர்கள், அங்கே வந்து மூச்சுப் பயிற்சி செய்யட்டும், தாளை நிரப்பட்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் போதும். கேட்டதை வெளியே சொல்லாத பிள்ளைகளாகப் பார்த்து வையுங்கள். யாரும் புத்திமதி சொல்லக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டிவிடலாம். வருகிறவர்களை எதற்கு வந்தாய் என்று கேட்க வேண்டாம். விளக்குத் திரி போட வந்ததாக இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு முறை நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் இன்று கலைவதற்குள் முடிவு செய்துவிடுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம். ஒலிவாங்கியை முதலில் பெண்கள் பக்கம் கொடுங்கள்.